உவீதாவின் மறதி மரம்

நூலைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வு செய்கிறோம். ஆனால் வழிகாட்டி ஒருவர் பயணிகளைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று சொல்லும் கதையை மட்டும் சுற்றுலாக் கணக்கில் எழுதி ஒதுக்கிவிடுகிறோம். அதற்கும் தொடக்கம் உண்டு, உச்சம் உண்டு, முடிவு உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது, எங்கே நின்று பேசுவது, எங்கே மௌனம் காப்பது என்ற தேர்வும் உண்டு. வெயிலில் நடந்து கேட்ட கதை, வீட்டில் அமர்ந்து படித்த கதையைவிட நெடுநாள் நினைவில் நிற்கும். அவ்வளவு வலிமை வாய்ந்த கலைவடிவம் ஒன்று உண்மைக்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்று கேட்பது நம் கடமை.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் கடற்கரையை ஒட்டி, கோட்டோனூ நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உவீதா என்னும் பழம்பெரும் நகர். அங்கே நாள்தோறும் நடைபெறும் ஒரு நடைப்பயணத்தையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். 'அடிமைகளின் பாதை' என்று அதற்குப் பெயர். நகரின் நடுவிலுள்ள சதுக்கத்தில் தொடங்கி, கடற்கரையில் எழுப்பப்பட்டுள்ள ஒரு வளைவில் அது முடிகிறது. இடைப்பட்ட தூரம் சுமார் 4 கிலோமீட்டர். கத்தோலிக்கராகிய நமக்கு இந்நடையில் தனி அக்கறை உண்டு. ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

நகரும் அதன் வணிகமும்

ஹுவேதா என்ற சிற்றரசுக்கு உரியதாக இருந்த இவ்வூரை 1727-ஆம் ஆண்டில் தாகோமி அரசன் அகாஜா வென்றான். அதற்கு முன்னரே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் இங்கே கோட்டை கட்டியிருந்தனர். அவர்கள் நாடி வந்த சரக்கு மனிதர். தாகோமியின் படைகள் உள்நாட்டு ஊர்களைச் சூறையாடிப் பிடித்து வந்த ஆண்களும் பெண்களும் சிறுவரும் இந்நகரின் வழியாகக் கடலுக்கு இட்டுச் செல்லப்பட்டனர். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் இவ்வணிகம் நீடித்தது. இக்காலத்தில் உவீதாவிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டவர் என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அட்லாந்திக் கடலைக் கடக்க ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர் மொத்தம் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது இன்று ஏற்கப்படும் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் மறுகரை காணாமலே மாண்டனர்.

இங்கு ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். உவீதா கடலை ஒட்டிய துறைமுகம் அன்று. நகருக்கும் கடலுக்கும் இடையே மணல்வெளியும் உப்பங்கழியும் கிடக்கின்றன. ஆகவே விற்கப்பட்டவர் அனைவரும் அத்தொலைவைக் கடந்தே தீரவேண்டியிருந்தது. பின்னர் அலைகளைப் பிளந்து செல்லும் சிறு தோணிகளில் ஏற்றி, ஆழ்கடலில் நின்ற கப்பல்களுக்கு அவர்களைக் கொண்டு சேர்த்தனர். ஆக, நடத்தல் இந்நகரின் வரலாற்றிலேயே அடங்கிய ஒன்று. இந்நடைப்பயணத்தின் முதல் சிறப்பும் அதுவே. சொல்லப்படும் துயரத்தின் வடிவமும் சொல்லும் கலையின் வடிவமும் இங்கே ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

பாதையை இன்றைய உருவில் அமைத்தவர்கள் 1990களின் தொடக்கத்தில் வாழ்ந்தவர்கள். 'உவீதா 92' என்று பெயரிடப்பட்டு 1993-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த வோடூன் கலைவிழாவையொட்டிப் பாதை நெடுகச் சிற்பங்கள் நிறுவப்பட்டன. 1994-இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் 'அடிமைப் பாதை' ஆய்வுத் திட்டத்தை இந்நகரிலேயே தொடங்கிவைத்தது. கடற்கரையில் நிற்கும் 'திரும்பா வாசல்' என்னும் பெருவளைவு 1995-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக, பழமையின் தோற்றம் கொண்ட இப்பாதையின் வயது முப்பது ஆண்டுகளுக்குச் சற்றே மேல். நினைவுச்சின்னங்கள் அவை நினைவூட்டும் காலத்தைப் பற்றி மட்டுமன்றி, அவற்றை எழுப்பிய காலத்தைப் பற்றியும் பேசுகின்றன. திறனாய்வாளன் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

ஒரு சிலுவைப் பாதையின் அமைப்பு

வழிகாட்டியுடன் நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கத்தோலிக்க மனம் ஒன்றை உணர்ந்துகொள்கிறது: இது நமக்குப் பழகிய வடிவம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாம் நிலைக்கு நிலை நின்று, முழந்தாளிட்டு, எழுந்து நடக்கிறோமே, அதே அமைப்பு.

முதல் நிலை சாச்சா சதுக்கம். பிரேசில் நாட்டின் பாகியாவிலிருந்து வந்து, 1818-இல் கெசோ என்பவன் தாகோமியின் அரியணையைக் கைப்பற்றத் துணைநின்று, அதற்குக் கைம்மாறாகச் சாச்சா என்னும் பட்டத்தையும் வணிகச் சலுகைகளையும் பெற்ற பிரான்சிஸ்கோ பெலிஸ் தெ சோசாவின் பெயர் தாங்கிய இடம் அது. இங்கே மனிதர்கள் ஏலம் விடப்பட்டனர் என்கிறார் வழிகாட்டி. இரண்டாவது, மறதி மரம் நின்றதாகச் சொல்லப்படும் இடம். ஆண்கள் ஒன்பது முறையும் பெண்கள் ஏழு முறையும் அம்மரத்தைச் சுற்றிவர வைக்கப்பட்டனராம்; சுற்றி முடிக்கையில் தம் ஊரையும் உறவையும் பெயரையும் மறந்துவிடுவராம். மூன்றாவது, ஸோமாய். 'நெருப்பு புகாத இடம்' என்பது அச்சொல்லின் பொருள். வெளிச்சமற்ற கொட்டடியில் மக்கள் அடைத்துவைக்கப்பட்ட இடம் என்று அது காட்டப்படுகிறது. அடுத்து, சூங்போஜி என்னும் சிற்றூரில், கப்பலேறும் முன்னரே மாண்டவர்களுக்கான நினைவிடம். அதன்பின் திரும்பும் மரம். மும்முறை அதைச் சுற்றினால் உடல் எங்கு மடிந்தாலும் ஆன்மா தாயகம் திரும்பும் என்பது நம்பிக்கை. இறுதியாகக் கடலும் வாசலும்.

கலையமைப்பு என்ற அளவில் இது மிக உயர்ந்தது. ஒவ்வொரு நிலையிலும் விற்கப்பட்டவனிடமிருந்து ஒன்று பறிக்கப்படுகிறது. சதுக்கத்தில் விடுதலை பறிபோகிறது. மரத்தடியில் நினைவு பறிபோகிறது. கொட்டடியில் ஒளி பறிபோகிறது. சூங்போஜியில் சிலருக்கு உயிரே பறிபோகிறது. திரும்பும் மரத்தடியில் மட்டும் ஒரு சிறு ஆறுதல் அருளப்படுகிறது. அதன்பின் கடல் திடீரென்று கண்முன் விரிகிறது. கேட்டு வந்தவர் அவ்விடத்தில் பேச்சிழந்து நிற்பது இயல்பு. கடல் கடந்து வாழும் ஆப்பிரிக்க வழியினர் பலர் அங்கே விம்மி அழுகின்றனர். எழுத்தில் அரிதாகவே கைகூடும் ஒருமைப்பாடு இந்நடைக்குக் கைகூடியிருக்கிறது. இதை முதலில் மனமாரப் பாராட்டிவிட்டே குறைகளைப் பேச வேண்டும்.

வெரோனிக்காவின் கேள்வி

சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையை நாம் அறிவோம். வெரோனிக்கா ஆண்டவரின் திருமுகத்தைத் துடைக்கிறார். நான்கு நற்செய்திகளிலும் இந்நிகழ்ச்சி இல்லை. 1991-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமையில் நடத்திய சிலுவைப் பாதையில் விவிலிய ஆதாரமுள்ள நிலைகளை மட்டுமே எடுத்துக்கொண்டார். அதனால் வெரோனிக்கா பக்தியிலிருந்து நீக்கப்பட்டுவிடவில்லை. மக்களின் இரக்கம் தனக்கென வடித்துக்கொண்ட முகம் அவர். ஆனால் நிகழ்ந்தது எது, பக்தி புனைந்தது எது என்ற வேறுபாட்டைத் திருச்சபை வெளிப்படையாக வைத்துக்கொண்டது. அதனால் பக்தி குறையவில்லை, தெளிவு கூடியது.

உவீதாவின் பாதையிலும் வெரோனிக்காக்கள் உண்டு. இந்நகரின் சமூக வரலாற்றை விரிவாக எழுதி 2004-இல் நூலாக வெளியிட்ட ராபின் லா போன்ற வரலாற்றாசிரியர்கள், பாதையின் சில நிலைகளுக்கு வணிகக் காலத்துச் சான்று காண்பது அரிது என்று சுட்டிக்காட்டுகின்றனர். வணிகம் நடந்தது பெரும்பாலும் வணிகர்களின் இல்லங்களில். திறந்தவெளி ஏலம் இந்நகரின் வழக்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஸோமாய் என்ற பெயர் வெடிமருந்துக் கிடங்கைக் குறித்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. கிடங்கில் நெருப்புக்குத் தடை இருப்பது இயல்புதானே. மறதி மரத்தின் கதையும் இவ்வாறே பிற்காலத்து வாய்மொழியில்தான் ஓங்கி ஒலிக்கிறது.

இதைக் கேட்டு, அப்படியானால் யாவும் கட்டுக்கதையோ என்று ஐயுறுவோர் எழலாம். அது பெருந்தவறு. பத்து லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டது கப்பல் பதிவுகளால் அறியப்படும் உண்மை. மரம் ஐயத்திற்குரியதாக இருக்கலாம், சங்கிலி ஐயத்திற்குரியதன்று. வழிகாட்டி ஐயத்திற்குரியதையும் ஐயமற்றதையும் ஒரே குரலில், ஒரே உறுதியுடன் சொல்வதே இங்கு நாம் காணும் குறை. என்றேனும் ஒருநாள் கேட்டவர் ஒருவர் மரத்தின் கதையை ஐயுற்றால், சங்கிலியின் கதையையும் சேர்த்தே ஐயுற அது வழிவகுக்கும். அடிமை வணிகத்தைச் சிறிதாக்கிக் காட்ட விரும்புவோர் உலகில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஆயுதத்தை நாமே கொடுக்கலாகாது.

மறதி மரத்தின் கதையில் இன்னும் ஆழமான ஒரு குறையும் உண்டு. அது விற்கப்பட்டவர்களுக்கே அநீதி இழைக்கிறது. அவர்கள் மறக்கவில்லை. உவீதாவின் கடற்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்ட ஒருவரின் வாக்குமூலமே நம்மிடம் உள்ளது. கொசோலா என்பது அவர் இயற்பெயர். அமெரிக்காவில் அவரைக் கட்ஜோ லூயிஸ் என்று அழைத்தனர். 1860-இல் தாகோமிப் படைகள் அவர் ஊரை அழித்து, உயிர் தப்பியோரைச் சிறைபிடித்து உவீதாவுக்குக் கொண்டுவந்தன. அங்கே சில வாரங்கள் கொட்டடியில் அடைபட்ட பின், சுமார் 110 பேருடன் கிளோட்டில்டா என்ற கப்பலில் அவர் ஏற்றப்பட்டார். அமெரிக்கா அடிமை இறக்குமதியைத் தடைசெய்து அரை நூற்றாண்டு கடந்திருந்த காலம் அது. இரவோடு இரவாக அலபாமா மாநிலத்தின் மொபீல் பகுதியில் அவர்களை இறக்கிவிட்டு, சான்றை அழிக்கக் கப்பலைக் கொளுத்தினர். அக்கப்பலின் சிதைவு இன்னதென்று 2019-இல்தான் உறுதி செய்யப்பட்டது.

விடுதலை கிடைத்ததும் தாயகம் திரும்பவே கொசோலாவும் தோழர்களும் விரும்பினர், வழி கிடைக்கவில்லை. கூலியைச் சேர்த்து நிலம் வாங்கி, தங்களுக்கென ஒரு குடியிருப்பை அமைத்து, அதற்கு ஆப்பிரிக்காவின் பெயரையே இட்டனர். 1927-இல் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் அவரைச் சந்தித்தபோது, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தும் தம் ஊரின் வழக்கங்களையும் தாய் தந்தையரையும் படையெடுப்பு நடந்த விடியற்காலையையும் அவர் கண்ணீருடன் விவரித்தார். 1935-இல் அவர் மறைந்தார். அவ்வுரையாடல் முழு நூலாக வெளிவந்தது 2018-இல்தான். அவரைப் போலவே, பாகியாவிலும் ஹெய்ட்டியிலும் அடிமைகளாக வாழ்ந்தோர் தங்கள் தெய்வங்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். உவீதாவின் தெருக்களில் இன்றும் வழங்கும் லெக்பா என்ற பெயர் ஹெய்ட்டியிலும் வழங்குகிறது. ஒன்பது சுற்றும் ஏழு சுற்றும் யாரையும் மறக்கச் செய்யவில்லை. மறந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தனர். அவர்களைப் பற்றிப் பாதை என்ன சொல்கிறது?

பாதை ஓரத்துச் சின்னங்கள்

பாதையின் இருமருங்கிலும் நிற்கும் சிற்பங்களை நிதானமாகப் பார்த்தால் திகைப்பு உண்டாகிறது. வோடூன் தெய்வங்களின் உருவங்களோடு தாகோமி அரசர்களின் சின்னங்களும் அங்கே உள்ளன. கெசோவின் சின்னம் எருமை. கிளெலேயின் சின்னம் சிங்கம். கொசோலாவின் ஊரை அழித்தது கிளெலேயின் படை. விற்கப்பட்டவர்கள் நடந்த வழியில் விற்ற அரசர்களின் பெருமைச் சின்னங்கள் நிற்கின்றன. வழிகாட்டி அவற்றை நாட்டின் கலைமரபு என்று விளக்கிவிட்டு அடுத்த நிலைக்கு நடக்கிறார்.

நாம் கேட்ட விளக்கத்தில் குற்றத்தின் பெரும்பங்கு கடல் கடந்து வந்தவர்மீது சுமத்தப்பட்டது. அதில் பொய் இல்லை. வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை. கப்பலும் சாட்டையும் கரும்புத் தோட்டமும் ஐரோப்பியருடையவை. ஆயினும் யோவோகான் என்ற பட்டத்துடன் அரசனின் அதிகாரி ஒருவர் இந்நகரில் அமர்ந்து வெள்ளையரின் வணிகத்தை மேற்பார்த்ததும், அரசனின் கருவூலம் அதனால் நிரம்பியதும், உள்ளூர் வணிகக் குடும்பங்கள் தழைத்ததும் வரலாறே. பாகியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றுத் திரும்பியவர்களுள்ளும் சிலர் அதே வணிகத்தில் இறங்கினர் என்பது மனித நெஞ்சின் இருளை எண்ணி நம்மை அஞ்சவைக்கும் செய்தி.

அச்செய்திகளை இழிவுபடுத்தும் நோக்கில் சொல்லவில்லை. பெனின் மக்களுள் சிலரே அவற்றைத் துணிந்து சொல்லியிருக்கின்றனர். 1999-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் மத்தியூ கெரெக்கூ அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் ஆலயத்தில் முழந்தாளிட்டு, ஆப்பிரிக்கர் ஆற்றிய பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். உவீதாவிலேயே ஸோமாச்சி என்னும் நினைவிடம் எழுப்பப்பட்டுள்ளது. 'அணையாத நெருப்பு' என்று அதற்குப் பொருள். ஆண்டுதோறும் ஜனவரியில் மனம் வருந்தும் நடை ஒன்றும் அதனோடு இணைத்து நடத்தப்பட்டு வந்துள்ளது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தைப் பெனின் அரசு 2024-இல் இயற்றியது. 'திரும்பா வாசல்' வழியே திரும்பி வருவோரை வரவேற்கும் இச்செயல் பாராட்டுக்குரியது.

இருந்தும், பாதையின் கதை பெரும்பாலும் கடல் கடந்து சென்றவர்களை நோக்கியே பேசுகிறது. கடலுக்குப் போகாமல் எஞ்சியவர்கள் உள்நாட்டில் இருக்கிறார்கள். எரிந்த ஊரின் சாம்பலில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார்கள், படையெடுப்புக்கு அஞ்சிக் காடுகளிலும் நீர்நிலைகளிலும் ஒளிந்து வாழ்ந்த குடிகள், இவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்றைய பெனின் குடிமக்களே. விற்றவனின் கொள்ளுப்பேரனும் விற்கப்பட்டவனின் உடன்பிறப்பு வழி வந்தவனும் ஒரே சந்தையில் பொருள் வாங்கி, ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். அவர்களுக்கிடையே பேசப்படாமல் கிடக்கும் துயரத்திற்கு இப்பாதையில் ஒரு நிலையும் இல்லை. அயலாருக்குச் சொல்ல எளிதான கதை, அண்டை வீட்டாரிடம் சொல்லக் கடினமாக இருக்கிறது போலும்.

நம் ஆலயத்தின் முன்

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

உவீதாவின் நடுவே அமலோற்பவ அன்னையின் பேராலயம் எழுந்து நிற்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, 1989-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அதற்கு நேர் எதிரே மலைப்பாம்புகளைப் பேணும் வோடூன் கோவில் உள்ளது. வழிகாட்டிகள் அங்கே பயணிகளை நிறுத்தி, இரு சமயங்களும் எதிரெதிரே அமைதியாக வாழ்வதைப் பெருமையுடன் காட்டுகின்றனர். அப்பெருமை நியாயமானது. 1993-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கோட்டோனூவில் வோடூன் சமயத் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார் என்பதையும் இத்துடன் நினைவுகூரலாம்.

ஆனால் அடிமைகளின் பாதையைப் பற்றிப் பேசும்போது பேராலயம் கதையிலிருந்து விலகி நிற்கிறது. சமய நல்லிணக்கத்தின் படமாக அது வருகிறது. அடிமை வணிகத்தின் சாட்சியாக வருவதில்லை. விருந்தினரின் மனம் புண்படலாகாது என்ற பெருந்தன்மை அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தப் பெருந்தன்மையை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

1721-இல் எழுந்த போர்த்துக்கீசியக் கோட்டைக்குப் புனித திருமுழுக்கு யோவானின் பெயர் சூட்டப்பட்டது. மனமாற்றத்தைப் பறைசாற்றியவரின் பெயரால் அமைந்த கோட்டை, மனிதரை விற்கும் தொழிலுக்குத் துணைநின்றது. அதனுள் சிற்றாலயமும் இருந்தது. சாச்சா என்ற தெ சோசா திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். 1849-இல் அவர் இறந்தபோது அவர் வீட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் வழியினர் இன்றும் அக்குடும்பப் பெயரைப் பெருமையுடன் தாங்குகின்றனர். அவர் இறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1839-இல், திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருமடல் விடுத்திருந்தார். அம்மடல் உவீதாவின் கத்தோலிக்க வணிகரின் கையை நிறுத்தவில்லை. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1452-இலும் 1455-இலும் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் விடுத்த ஆணைமடல்கள், பிற சமயத்தாரை அடிமைப்படுத்தும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னருக்கு அளித்தன. அம்மடல்களோடு பிணைந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' 2023-ஆம் ஆண்டில் வத்திக்கான் வெளிப்படையாக மறுத்துரைத்தது.

1861-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்செஸ்கோ போர்கேரோ என்ற அருட்பணியாளர் உவீதாவின் கரையில் இறங்கினார். அங்கே அவருக்கு முன்பே கத்தோலிக்கர் இருந்தனர். பிரேசிலிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. அவர்களில் பலரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த செய்தி. நற்செய்தி அக்கரைக்கு வந்து சேர்ந்த கதையும் சங்கிலியின் கதையும் இவ்வாறு ஒரே மணலில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன.

போர்கேரோவை அனுப்பிய ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை 1856-இல் லியோன் நகரில் நிறுவியவர் மரியோன் தெ பிரெசியாக் ஆண்டகை. இப்பெயர் நமக்கு அந்நியமானதன்று. 1842-இல் தமிழ் மண்ணில் கால்பதித்து, பின்னர் கோயம்புத்தூரின் முதல் ஆயராகப் பணியாற்றியவர் அவரே. இம்மண்ணின் மைந்தர்களையே குருக்களாக்க வேண்டும் என்று ஓயாது வாதாடியவர். சாதி வழக்கங்களோடு பின்னிக் கிடந்த மலபார்ச் சடங்குச் சிக்கலில் தம் மனச்சான்றுக்கு விடை காணாது, பதவியைத் துறந்து சென்றார். தாகோமிக்குச் செல்ல விரும்பினார். சியரா லியோனுக்கு அனுப்பப்பட்டார். 1859-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரீடவுனை அடைந்து சில வாரங்களே ஆன நிலையில், மஞ்சள் காய்ச்சலுக்கு இரையானார். தெளிவற்ற மனச்சான்றுடன் உயர்பதவியில் அமர்ந்திருப்பதைவிட எழுந்து போவதே மேல் என்று கருதிய ஒருவரின் பிள்ளைகள் உவீதாவுக்குப் போய்ச் சேர்ந்தனர் என்பது நம் சிந்தனைக்கு உரியது.

அவர் கண்ட கனவும் அங்கே பலித்தது. உவீதாவின் தூய கால் குருமடத்தில் எண்ணற்ற ஆப்பிரிக்கக் குருக்கள் உருவாயினர். கர்தினால்கள் குழுவின் தலைவராக விளங்கிய பெர்னார்தின் கந்தேன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1990-இல் பெனின் நாடு இரத்தம் சிந்தாமல் மக்களாட்சிக்குத் திரும்பிய தேசிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஆயர் இசிதோர் தெ சோசா. சாச்சாவின் குடும்பப் பெயரைத் தாங்கியவர் அவர். ஒரே பெயர் ஒரு நூற்றாண்டில் மனிதரை விற்றது. அடுத்த நூற்றாண்டில் மனிதரை ஒன்றுசேர்த்தது. 2011-ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், ஆப்பிரிக்கத் திருச்சபையின் ஒப்புரவுப் பணி, நீதி, அமைதி ஆகியன பற்றிய தம் திருத்தூது ஊக்கவுரையில் கையொப்பமிட்டது உவீதாப் பேராலயத்தில்தான். பாதையின் வழிகாட்டிக்கு இவ்வளவு செய்திகள் ஆலய வாசலிலேயே காத்துக் கிடக்கின்றன. ஒப்புரவு என்ற சொல்லை அங்கே நின்று உச்சரிப்பதற்கு, அச்சொல் எதற்காகத் தேவைப்பட்டது என்பதையும் அங்கேயே சொல்லியாக வேண்டும்.

முழுமையான அறிக்கை எது?

நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டியவை ஐந்து என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றோம். பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல், அவற்றுக்காக மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், அவற்றைக் குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். இவற்றின் வரிசையில் ஓர் ஞானம் அடங்கியுள்ளது. நினைவுகூர்தல் முதலில் வருகிறது. கண்ணீர் அதன் பின்னரே வருகிறது.

உவீதாவின் நடைப்பயணத்தை இவ்வளவுகோலால் அளந்தால் நம் தீர்ப்பு தெளிவாகிறது. மனத்துயரை எழுப்புவதில் அது முழு வெற்றி பெறுகிறது; நினைவுகூர்தலைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. யார் விற்றார், யார் வாங்கினார், யார் ஆசி வழங்கினார், யார் கண்டும் காணாதிருந்தார் என்று பெயர் பெயராகச் சொல்லாத துயரம், கடற்காற்றில் உலர்ந்துவிடும் கண்ணீராகவே முடியும். பயணி அழுகிறார், கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார், வாசலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார், ஊர் திரும்புகிறார். ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூவியதை நாம் அறிவோம். ஆனால் ஆண்டவர் கேள்வி கேட்டது நிலத்தை நோக்கி அன்று. உயிரோடிருந்த சகோதரனை நோக்கியே கேட்டார்.

வழிகாட்டிகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. சிறு கூலிக்கு வெயிலில் நடந்து, நாள்தோறும் அதே துயரத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். தம் பாட்டனார் காலத்துக் காயத்தை அயலாரின் முன் நாளெல்லாம் திறந்து காட்டுவது எளிய தொழிலன்று. அவர்கள் கதையைக் கேட்கும் நாமும் அதன் ஆசிரியர்களே. எதைக் கேட்க விரும்புகிறோமோ அதுவே மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. கடினமான கேள்விகளை மரியாதையுடன் கேட்கும் பயணிகள் பெருகினால், சொல்பவரும் துணிவு பெறுவர்.

இந்நடை இன்னும் சிறக்க இரண்டு செய்யலாம் என்று கருதுகிறோம். மறதி மரத்தடியில், 'இப்படிச் சொல்கிறார்கள்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும். கதையின் அழகு கெடாது, உண்மையும் காக்கப்படும். பேராலயத்தையும் யோவான் கோட்டையையும் அரசச் சின்னங்களையும் பாதையின் நிலைகளாகவே எண்ணி, அவற்றின் முன்னும் மௌனமாக நிற்க வேண்டும். திருச்சபையின் மக்கள் அங்கே செல்லும்போது, பாம்புக் கோவிலைப் பார்த்து வியந்துவிட்டு நகராமல், ஆலயப் படியில் ஒரு கணம் முழந்தாளிடுவது தகும்.

தம் இறுதி நாட்களில் கொசோலாவுக்கு ஓர் ஆசை இருந்தது. தம் கதையைக் கேட்ட யாரேனும் ஒருநாள் ஆப்பிரிக்க மண்ணுக்குச் சென்று தம் பெயரைச் சொல்ல வேண்டும். அங்குள்ள ஒருவராவது அதைக் கேட்டு, அவரை அறிவேன் என்று சொல்ல வேண்டும் என்பதே அது. கடற்கரை வாசலில் சங்கிலியிட்ட உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பெயர் இல்லை. பாதையின் நிலைகளுள் ஒன்றுக்கும் அவர் பெயர் இல்லை. அங்கு செல்லும் வாய்ப்பு நம் வாசகர் எவருக்கேனும் கிட்டுமாயின், அலையோசைக்கு நடுவே அப்பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். பிறகு வழிகாட்டியிடம், அவர் ஊரை எரித்தவர் யார், அவரை வாங்கியவர் யார் என்று பணிவோடு கேளுங்கள்.